பாடலி கிராமத்துச் சத்திரம்

குறுந்தொகையின் 75ஆம் பாட்டில் ஒருத்திக்கு நல்ல சேதி வருகிறது. பிரிந்துபோன தலைவன் வந்துகொண்டிருக்கிறானாம். அவள் துள்ளிக் குதிக்கவில்லை. இது நேரில் பார்த்ததா, இல்லை பார்த்தவர் யாராவது சொல்லக் கேட்டதா என்று சேதி கொண்டுவந்தவனைக் குடைகிறாள். நடுவில் அவனுக்கு ஒரு வாழ்த்தும் உண்டு: உனக்குப் பாடலி நகரமே கிடைக்கட்டும். சோணை ஆற்றில் வெண்தந்த யானைகள் இறங்கிக் குளிக்கும், பொன் கொழிக்கும் பாடலி. வாழ்த்தி முடித்த கையோடு, யார் சொன்னது என்று மறுபடியும் விசாரணைக்குத் திரும்பிவிடுகிறாள். படுமரத்து மோசிகீரனார் எழுதியது. குட்டிப் பாட்டு.

சோணை என்பது இன்றைய சோன் ஆறு. பாடலி என்பது பாடலிபுத்திரம், இன்றைய பட்னா. மாமூலனாரும் அகநானூறு 265இல் அந்த ஊரைச் சொல்கிறார். நந்தர்கள் கங்கை நீருக்கு அடியில் ஒளித்து வைத்த செல்வம் அவருடைய உவமை. இருவருக்குமே அந்த நகரம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட ஒன்று. தூரத்தில் மின்னுகிற பெயர். லாட்டரி அடிச்சா மாதிரி ஒருத்தனுக்குக் கிடைக்கட்டும் என்று வாழ்த்தத் தோதான பெயர்.

அந்த ஊர் தொடங்கியதைப் பற்றி இலக்கியங்கள் என்ன சொல்லி வைத்திருக்கின்றன என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுக்காரர்கள் இவற்றையெல்லாம் சான்றாகப் பார்ப்பார்கள், எதை எவ்வளவு நம்பலாம் என்று எடை போடுவார்கள். நான் கதைகளாகவே படித்தேன். எந்தக் கதை நல்ல கதை, எது எதை மறைக்கிறது என்பதுதான் என் கவலை. குறுந்தொகைக்காரியின் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் அழகான பொய்களைப் பார்த்துவிடலாம். சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் எழுதிய கதாசரித்சாகரத்தில் புத்ரகன் என்றொரு இளைஞன் வருகிறான். பறக்கும் பாதுகை, நினைத்த உணவைத் தரும் பாத்திரம், எழுதியது நிஜமாகும் கோல் என்று மூன்று பொருள்களுக்காக இரண்டு அசுரப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஓட்டப்பந்தயம் வையுங்கள், ஜெயிப்பவருக்கு எல்லாம் என்கிறான் புத்ரகன். இரண்டு பேரும் ஓட, இவன் பாதுகையை மாட்டிக்கொண்டு பறந்துவிடுகிறான். பிறகு பாடலி என்ற இளவரசியைத் தூக்கிக்கொண்டு கங்கைக் கரைக்கு வந்து, அந்தக் கோலால் தரையில் ஒரு நகரத்தை வரைகிறான். வரைந்ததும் நகரம் வந்துவிடுகிறது, ஜனங்கள் உட்பட. பாடலி, புத்ரகன், பாடலிபுத்ரம். பெயருக்குப் பொருத்தமாகக் கதை தைத்திருக்கிறார் சோமதேவர். படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் குடிமக்களையும் சேர்த்தே வரைந்துவிடுகிற நகரத்தில், அந்த இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள் என்ற கேள்வியே எழ வழியில்லை.

7ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் கேட்டுக் குறித்துவைத்த கதை இன்னும் மென்மையானது. கல்யாணமாகாத ஏக்கத்தில் இருக்கும் ஒரு மாணவனுக்கு அவன் நண்பர்கள் விளையாட்டுக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள், பாடலி மரத்தின் கீழே, ஒரு கிளையை மணமகளாக்கி. எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. இருட்டியதும் வெளிச்சம், வாத்தியம், ஒரு கிழவர், ஒரு பெண். கல்யாணம் நிஜமாகிவிடுகிறது. பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைக்காக எழும்பிய வீடுகள் நகரமாகின்றன. பாடலி என்றால் நம்முடைய பாதிரி மரம்தான். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்கும் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்று பெயர் இருந்தது, அப்பர் சமணராக இருந்த இடம் அது. அந்தப் பக்கம் போனால் இந்தக் கட்டுரை முடியாது, விட்டுவிடுகிறேன்.

சமணர்களின் கதையில் மரம் இருக்கிறது, ஆனால் அதன் வேர் வேறு எங்கோ போகிறது. ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பரிசிஷ்டபர்வத்தில் அரசன் உதாயி, தகப்பன் இறந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் புதுத் தலைநகரம் தேடுகிறான். இடம் பார்க்கப் போனவர்கள் கங்கைக் கரையில் ஒரு பாடலி மரத்தைக் காண்கிறார்கள். அதில் ஒரு பறவை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பூச்சிகள் தாமாகவே வந்து அதன் வாயில் விழுகின்றன. இங்கே ஊர் கட்டினால் செல்வமும் இப்படித்தான் வந்து விழும் என்று முடிவு செய்கிறார்கள். அந்த மரமோ ஒரு மண்டையோட்டிலிருந்து முளைத்தது. அன்னிகாபுத்ரர் என்ற வயதான துறவி கங்கையைக் கடக்கும்போது படகிலிருந்து தள்ளப்பட்டுச் செத்துப்போக, அவருடைய கபாலம் ஆற்றோடு மிதந்து கரை ஒதுங்கி, அதில் ஒரு பாடலி விதை விழுந்திருக்கிறது.

இந்தக் கதையை என்னால் சுலபத்தில் தாண்டிப் போக முடியவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் பறவைதான் தலைநகரம் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். பூச்சிகளின் பக்கமிருந்து பார்த்தால் அது எப்படிப்பட்ட சகுனம் என்று ஹேமசந்திரர் யோசித்தாரா தெரியாது, கதை யோசிக்க வைக்கிறது. அடியில் ஆற்றில் தள்ளிவிடப்பட்ட ஒருவரின் மண்டையோடு வேறு. வாயு புராணத்திலும் இதே உதாயி வருகிறான், ஆட்சியின் 4ஆம் ஆண்டில் கங்கையின் தென்கரையில் குசுமபுரம் என்ற நகரைக் கட்டினான் என்று ஒரே வரியில். பதிவேட்டுக் குறிப்பு மாதிரி. அதில் பேச ஒன்றுமில்லை.

இத்தனையையும் படித்துவிட்டு, இவை எல்லாவற்றுக்கும் மூத்த கதைக்குப் போனால் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அதில் காதல் இல்லை, மரம் இல்லை, மந்திரக்கோல் இல்லை. இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பாலி மொழியில் தீக நிகாயத்தின் 16ஆம் சுத்தம், மகாபரிநிப்பான சுத்தம். புத்தரின் கடைசிப் பயணத்தைச் சொல்வது. பெரும்பாலானவர்கள் இதைப் புத்தரின் மரணத்துக்காகவே படிப்பார்கள். நானும் முதல் தடவை குசிநாரா எப்போ வரும் என்று வேகமாகப் புரட்டியவன்தான். பாடலி கிராமம் வருகிற பகுதியை ஏதோ வழி ஊர் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டாவது தடவைதான் நின்றேன்.

ராஜகிருகத்தில் தொடங்குகிறது. மகத அரசன் அஜாதசத்ருவுக்குக் கங்கைக்கு வடக்கே இருக்கும் வஜ்ஜிகளை ஒழிக்க வேண்டும். வஜ்ஜிகள் தனி அரசன் இல்லாமல் கூடிப் பேசி ஆள்கிற கணக் கூட்டமைப்பு, லிச்சவிகள் அதில் முக்கியமானவர்கள், தலைநகர் வைசாலி. அஜாதசத்ரு தன் அமைச்சர் வஸ்ஸகாரரைப் புத்தரிடம் அனுப்புகிறான், இந்த எண்ணத்துக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வர. புத்தர் அமைச்சருக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கும் ஆனந்தரிடம் ஏழு கேள்விகள் கேட்கிறார். வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா, ஒற்றுமையாகக் கலைகிறார்களா, பெரியவர்களை மதிக்கிறார்களா என்று. இவை இருக்கும்வரை அவர்களுக்கு வளர்ச்சிதான், தாழ்வில்லை என்கிறார். கெட்டிக்கார அமைச்சர் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். அப்படியென்றால் சண்டை போட்டு அவர்களை ஜெயிக்க முடியாது, ஆசை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளுக்குள் பிளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நிறைய வேலை இருக்கிறது என்று கிளம்புகிறார். அந்தப் பிளவுக்குப் பாலியில் மிதுபேதம் என்று சொல். நம்முடைய சாம பேத தான தண்டத்தில் வரும் அதே பேதம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தர் நாளந்தா வழியாக நடந்து பாடலி கிராமத்துக்கு வருகிறார். ஊர் ஜனங்கள் தங்கள் சத்திரத்தில் தங்கும்படி கேட்கிறார்கள். இங்கே எழுத்து திடீரென்று மெதுவாகிறது. சத்திரத்தில் விரிப்பு விரிக்கிறார்கள், இருக்கைகள் போடுகிறார்கள், தண்ணீர்ப் பானை வைக்கிறார்கள், எண்ணெய் விளக்கு ஏற்றுகிறார்கள். புத்தர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து நடுத்தூணில் சாய்ந்து கிழக்குப் பார்த்து உட்காருகிறார். பிக்குகள் பின்னால் மேற்குச் சுவரோரம். ஊர்க்காரர்கள் எதிரே, கிழக்குச் சுவரோரம், அவரைப் பார்த்து. இரவு வெகுநேரம் பேச்சு. கடைசியில், நேரமாகிவிட்டது, போய் வாருங்கள் என்கிறார். ஜனங்கள் எழுந்து போகிறார்கள்.

இந்தச் சத்திரம் எதற்குக் கட்டப்பட்டது? சுத்தத்தில் பதில் இல்லை. உதான நூலின் உரையில் இருக்கிறது, நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்தக் குறிப்புதான். பாடலி கிராமம் எல்லையில் இருந்த ஊர். மகதத்து அதிகாரிகளும் வருவார்கள், அக்கரையிலிருந்து லிச்சவி ஆட்களும் வருவார்கள். வந்தால் ஜனங்களை வீட்டை விட்டு விரட்டிவிட்டு அந்த வீடுகளில் தாங்கள் தங்கிக்கொள்வார்கள். ஒரு தரப்பு போனதும் அடுத்த தரப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜனங்கள், இவனுங்க வந்தா தங்குறதுக்கு ஒரு இடம் கட்டிவிட்டாலாவது நம்ம வீடு நமக்கு மிஞ்சும் என்று ஊர் நடுவே ஒரு பெரிய சத்திரத்தைக் கட்டினார்கள். சரக்கு வைக்க ஒரு பக்கம், ஆட்கள் தங்க ஒரு பக்கம். அது முடிந்த சமயத்தில்தான் புத்தர் வருகிறார்.

உரை சுத்தத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. நேரில் பார்த்ததா, கேட்டதா என்று நம் குறுந்தொகைக்காரி கேட்டால், கேட்டதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யாரோ ஒரு உரைக்காரருக்கு, அல்லது அவருக்குச் சொல்லிவந்த பரம்பரைக்கு, ஒரு பேரரசின் தலைநகரம் எப்படித் தொடங்கியது என்று சொல்லும் இடத்தில், வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் ஞாபகம் வந்திருக்கிறது. மற்ற எந்தக் கதைக்கும் அது வரவில்லை. இதை வைத்து மூலத்தைத் திரும்பப் படித்தால் அந்தத் தண்ணீர்ப் பானையும் எண்ணெய் விளக்கும் வேறு மாதிரி தெரிகின்றன. முதல்முறையாக, யாரையும் விரட்டாத ஒரு விருந்தாளிக்கு அவற்றை வைக்கிறார்கள்.

ஜனங்கள் வீட்டுக்குப் போன அதே இரவைத் தொட்டுக்கொண்டு சுத்தம் அடுத்த செய்தியைச் சொல்கிறது. அந்தச் சமயத்தில் மகத அமைச்சர்களான சுனிதரும் வஸ்ஸகாரரும் வஜ்ஜிகளைத் தடுக்கப் பாடலி கிராமத்தில் கோட்டை நகரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் எழுந்த புத்தர், இங்கே யார் நகரம் கட்டுகிறார்கள் என்று ஆனந்தரிடம் கேட்கிறார். ஆயிரக்கணக்கான தேவதைகள் மனைகளில் இறங்குவதைத் தன் திவ்யக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பெரிய தேவதைகள் இறங்கும் இடத்தில் பெரிய அதிகாரிகளுக்கு வீடு கட்ட மனம் போகும், நடுத்தர தேவதைகள் இறங்கும் இடத்தில் நடுத்தர அதிகாரிகளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே உள்ளவர்களிடமும் பதவி வரிசைப்படிதான் மனை ஒதுக்கீடு! ஒரு சர்வே வேலையைப் புனிதமாக்கும் இந்த இடம் சுத்தத்தின் பலவீனமான பகுதி என்பேன். ஊர்க்காரர்களின் மனைகளில் எந்தத் தேவதை இருந்தது என்ற பேச்சே இல்லை.

ஆனால் அடுத்துச் சொல்வது இந்தப் பலவீனத்தை ஈடுகட்டிவிடுகிறது. வணிகர்கள் போய்வரும் தொலைவு வரைக்கும் இதுவே தலையாய நகரமாக இருக்கும், புடபேதனமாக இருக்கும் என்கிறார் புத்தர். புடம் என்றால் பொதி, பேதனம் உடைப்பது. சரக்கு மூட்டைகளை அவிழ்க்கும் இடம். கோட்டையாகக் கட்டப்படும் ஒன்றைச் சந்தையாகப் பார்க்கிறது அந்தச் சொல். உடனேயே மூன்று ஆபத்துகள் சொல்லப்படுகின்றன. இந்த நகரத்துக்கு நெருப்பால் கேடு வரும், நீரால் கேடு வரும், மூன்றாவது மிதுபேதத்தால்.

வஸ்ஸகாரர் வஜ்ஜிகளுக்காக வைத்திருந்த அதே சொல். சில பக்கங்களுக்கு முன் அவர் வாயிலிருந்து வந்தது, இப்போது அவர் கட்டுகிற சுவருக்குள்ளேயே வந்து உட்காருகிறது. புத்தர் இதை அவரிடம் சொல்லவில்லை, ஆனந்தரிடம் சொல்கிறார். அன்று மதியம் அமைச்சர்கள் வீட்டில் சாப்பிடவும் செய்கிறார். வஸ்ஸகாரர் பிற்பாடு என்ன செய்தார் என்பதை புத்தகோசரின் உரை சொல்கிறது. அரசனோடு சண்டை போட்டுத் துரத்தப்பட்டவர் போல நடித்து வைசாலிக்குள் போய், மூன்று ஆண்டுகளில் லிச்சவிகளை ஒருவரையொருவர் நம்பாதவர்களாக்கி, ஊரைக் கூப்பிட்டால் யாரும் கூடாத நிலைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அஜாதசத்ரு சும்மா நடந்து உள்ளே போனான். பாடலிபுத்திரத்தை எழுப்பிய கையின் உண்மையான தொழில் இதுதான். பின்னாளில் அந்த நகரத்தின் கடைசி மௌரியன் பிருகத்ரதன், படை அணிவகுப்பைப் பார்வையிடும்போது தன் சொந்தச் சேனாபதி புஷ்யமித்திரனால் கொல்லப்பட்டான்.

இதெல்லாம் நடந்த பிறகு எழுதி, முன்கூட்டிச் சொன்னது போல வைத்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நகரம் பெரிதான பிறகுதான் அதைப் பெரிதாகும் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. உலகிலேயே பெரிய நகரங்களில் ஒன்றாக அது இருந்த காலத்தில் அங்கே உட்கார்ந்து ஒருவர், இது எரியும், முங்கும், உடையும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார் என்றாகிறது. அரசவைப் புலவர் யாரும் அப்படி எழுத மாட்டார். பாடலி கிராமத்துச் சத்திரத்தின் கதையை மறக்காத கூட்டத்திலிருந்து வந்த எழுத்து அது என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்சொன்ன சாப்பாடு முடிந்ததும் அமைச்சர்கள், புத்தர் எந்த வாசல் வழியாகப் போகிறாரோ அதற்குக் கௌதம வாசல் என்றும், எந்தத் துறையில் கங்கையைக் கடக்கிறாரோ அதற்குக் கௌதமத் துறை என்றும் பெயர் வைக்க நினைத்துப் பின்னாலேயே போகிறார்கள். வாசலுக்குப் பெயர் வந்துவிடுகிறது, சுத்தம் அதை உறுதிசெய்கிறது. ஆனால் கங்கை கரை புரண்டு ஓடுகிறது, கரையில் நிற்கும் காக்கை குனிந்து குடிக்கும் அளவுக்கு. ஜனங்கள் ஓடம் தேடுகிறார்கள், தெப்பம் தேடுகிறார்கள், கழிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புத்தர் இந்தக் கரையில் மறைந்து அந்தக் கரையில் தோன்றிவிடுகிறார். துறையே இல்லாமல் ஆற்றைக் கடந்தவர் பெயரில் துறைக்கு எப்படிப் பெயர் வைப்பது? சுத்தம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அற்புதம் என்று பக்தர்கள் படிக்கும் இந்த இடத்தில் எனக்குத் தெரிவது மெல்லிய குறும்பு. அமைச்சர்கள் கரையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

சுமார் பொ.ஆ.மு. 300 வாக்கில் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் பார்த்தபோது நகரம் 80 ஸ்டேடியா நீளம், 15 ஸ்டேடியா அகலம். நம் கணக்கில் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர். சுற்றிலும் மரத்தாலான மதில், 570 கோபுரங்கள், 64 வாசல்கள். ஆற்றங்கரை ஊர்களை ஏன் மரத்தால் கட்டுகிறார்கள் என்பதற்கு அவரை ஒட்டி எழுதிய அர்ரியன் காரணமும் சொல்கிறார்: மழையிலும் வெள்ளத்திலும் செங்கல் நிற்காதாம். நேரில் கண்டவர் சொன்னதை எடுத்து எழுதிய இந்தக் குறிப்பில் மனிதர்கள் குறைவு, அளவுகள் நிறைய. இருந்தாலும் மதில் மரம் என்ற அந்த ஒரு தகவலுக்குள் சுத்தத்தின் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. நீருக்குப் பயந்து மரத்தைத் தேர்ந்தெடுத்தால் நெருப்பு காத்திருக்கிறது.

பட்னாவின் கும்ரஹாரில் ஸ்பூனர் 1912–13இல் ரத்தன் டாட்டாவின் பணத்தில் தோண்டியபோது, மௌரியர் காலத்துத் தூண் மண்டபத்தின் மேல் சாம்பல் அடுக்கைக் கண்டார். தூண்கள் இருந்த இடங்களில் சாம்பல் நிறைந்த குழிகள் வரிசையாக இறங்கின. புலந்தி பாகில் மரமதிலின் பகுதிகள், ஈரச்சேற்றில் கிடந்ததாலேயே உளுத்துப்போகாமல் கிடைத்தன. சோன் ஆறு படுகை மாறி விலகிப் போய்விட்டது. இப்போது அது கங்கையில் சேர்வது பட்னாவுக்கு மேற்கே மனேர் பக்கத்தில். மோசிகீரனாரின் யானைகள் குளிக்க இனி அங்கேதான் போக வேண்டும். கும்ரஹாரில் நிலத்தடி நீர் ஏறிக்கொண்டே வந்ததால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த மண்டபத் தடங்களை மறுபடியும் மண் போட்டு மூடினார்கள்.

திரும்பவும் சுத்தத்தின் அந்த இரவுக்கு வருகிறேன். அதன்மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான். ஊர்க்காரர்கள் சத்திரத்திலிருந்து எழுந்து இருட்டில் போகிறார்களே, அதோடு அவர்கள் கதையை விட்டே போய்விடுகிறார்கள். காலையில் தேவதைகளும் அமைச்சர்களும்தான். வாசலுக்குப் பெயர் வைக்கும்போது அவர்கள் கூட்டத்தில் இல்லை. கங்கைக் கரையில் கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் யாராவது இந்த ஊர்க்காரர்களா என்று தேடிப் பார்த்தேன், ஜனங்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. கோட்டை ஒரு நாளில் எழும்பாது. கொத்தர்கள், தச்சர்கள், அளவுக்காரர்கள், காவல் வீரர்கள் என்று மாதக்கணக்கில் அங்கே கிடந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரு சத்திரம் பத்தியிருக்குமா?